விடாமுயற்சியைப் புகழ்வோர்க்குச் சில வினாக்கள்

மீலாது மேடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் இளைஞர்க்கு வழங்கப்பெறும் அறிவுரை ஒன்றுண்டு. கனவு காணுங்கள், நம்பிக்கை இழவாதீர்கள், விடாது முயலுங்கள். உமறுப் புலவர் முயன்றார், சீறாப்புராணம் பிறந்தது. நீங்களும் முயன்றால் எழுத்துலகில் வெல்வீர்கள் என்பது அதன் சாரம். கேட்போர்க்கு இனிமையானது, சொல்வோர்க்குச் செலவில்லாதது. செலவில்லாமைதான் அது நம்மிடையே இவ்வளவு பரவியதற்குக் காரணமோ என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. விடாமுயற்சி வேண்டாவென்று வாதிட நான் வரவில்லை. முயலாதவன் எந்தக் கலையிலும் ஓரடி முன்வைத்ததில்லை. ஆயின், முயற்சியின் பெருமையை முழங்கிவிட்டு, முயல்கின்றவனுக்குத் தாம் செய்யவேண்டிய கடமையிலிருந்து நழுவுகின்றவர்கள் பெருகிவிட்டனர். அவர்களை நோக்கியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

வையைக்கு வடபால் உள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து என்னிடம் அரபியும் தமிழும் பயில வரும் மாணவன் ஒருவன் உளன். தந்தையார் மிதிவண்டி பழுது பார்ப்பவர். கடையின் பழைய கணக்கேட்டில் எஞ்சிய பக்கங்களில் அவன் வெண்பா எழுதிப் பழகுகிறான். தளை தட்டிய இடத்தைச் சுட்டினால் மறுநாளே திருத்திக் கொணர்கிறான். அவனும் நண்பர் மூவரும் தம் சேமிப்பைத் திரட்டி 32 பக்கத்தில் சிறு கவிதைநூல் ஒன்றை அச்சிட்டனர். உமறுப் புலவரின் விடாமுயற்சியை மீலாது மேடையில் அரைமணி நேரம் பாராட்டிப் பேசிய செல்வர் ஒருவரிடம், விழா முடிந்ததும் அந்நூலை நீட்டினர். அவர் வாங்கினார், புரட்டினார், "நல்லது தம்பி, விடாமல் முயற்சி செய்யுங்கள்" என்றார், நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். நூலின் விலை 20 ரூபாய். அவர் பெயர் ஈண்டு வேண்டா. அவரைப் போன்றோர் ஊர்தோறும் உளர்.

இத்தகையோர் உமறுப் புலவரின் வரலாற்றில் பாதியை மட்டுமே படித்திருக்கின்றனர். முழுவதையும் படித்துப் பார்ப்போம்.

உமறு, எட்டயபுர அரசவைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காவியமாக்க வேண்டும் என்பது வள்ளல் சீதக்காதியின் வேட்கை. அதனை நிறைவேற்ற அவர் தேர்ந்தது உமறுவை. ஆயின் வரலாற்றுச் செய்திகளோ அரபு நூல்களுள் இருந்தன. உமறுவின் புலமையோ தமிழில் இருந்தது. செய்திகளைப் பெறக் கீழக்கரையில் வாழ்ந்த மாமேதை ஸதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் அவர் சென்றார். அப்பா அவர்கள் தாமும் அரபுக் கவிஞர். வித்ரிய்யா என்னும் புகழ்ப்பாவுக்குத் தக்மீஸ் யாத்தவர். எனினும் உமறுவின் தோற்றமும் உடையும் மார்க்க நெறிக்கு ஒவ்வாதன எனக் கருதி, முதலில் மறுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. உள்ளம் நொந்த உமறு கனவில் நபிகளாரைக் கண்டார் என்பர். இந்த இடத்தில் நம் பேச்சாளர்கள் குரலை உயர்த்துவார்கள்; அவையும் உருகும்.

ஆனால் அச்செய்தி அத்துடன் முடியவில்லை. மறுத்த அப்பா அவர்களும் அவ்வாறே கனவு கண்டார்கள் என்றும் அது கூறுகிறது. கண்டபின் தம் மறுப்பை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். உமறுவைப் பரங்கிப்பேட்டை லெப்பை நயினார் லெப்பை அவர்களிடம் ஆற்றுப்படுத்தினார்கள். அவ்வறிஞர் அரபு மூலங்களை எடுத்துரைத்தார். கனவு, கேட்டவருக்கு மட்டும் வரவில்லை, மறுத்தவருக்கும் வந்தது! நம் மேடைகள் இதனை ஏன் சொல்வதில்லை? கனவு காண வேண்டியவன் ஏழை இளைஞன் மட்டுமே என்றும், கதவுக்கு உள்ளே இருப்பவர் அயர்ந்து உறங்கலாம் என்றும் யார் இவர்களுக்குக் கற்பித்தது?

இன்னும் கேளுங்கள். காவியம் நிறைவேறுமுன் சீதக்காதி மறைந்தார். புரவலரை இழந்த புலவரைப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஏற்றார். அவர் ஏற்றிராவிடில் சீறா பாதிவழியில் நின்றிருக்கலாம். மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 விருத்தங்கள் என விரிந்த பின்னும் அது ஏட்டுச் சுவடியாகவே நெடுங்காலம் கிடந்தது. காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கி 1842இல் அச்சேற்றினார்கள். உமறுவின் முயற்சியை நாம் இன்று கையில் ஏந்திப் படிப்பது அந்த ஆலிமின் முயற்சியால் அன்றோ? பாடியவர் ஒருவர், பொருள் தந்தவர் ஒருவர், உணவு தந்தவர் இருவர், அச்சுக்குக் கொணர்ந்தவர் ஒருவர். ஐவரின் உழைப்பை ஒருவரின் விடாமுயற்சி என்று சுருக்குவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. எஞ்சிய நால்வரின் கடமை இன்று நம்முடையது என்பதை அச்சுருக்கம் மறைத்துவிடுகிறது.

"திறமை இருந்தால் தானே வெளிவரும்" என்பார் சிலர். வெளிவந்தவரை மட்டும் எண்ணி இங்ஙனம் உரைக்கின்றனர். வெளிவராதவரை எவர் எண்ணினார்? அச்சேறாது செல்லரித்த சுவடிகளின் புலவர்கள் திறமையற்றவர்கள் என்று தீர்ப்புக் கூற இவர்களுக்கு என்ன சான்று உண்டு? நபி (ஸல்) அவர்கள் திறமை தானே வெளிவரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் கவி பாடுவதற்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்தார்கள். தம்மை இகழ்ந்து பாடிய கஅப் இப்னு ஸுஹைர், மனம் மாறி வந்து புகழ்ப்பா பாடியபோது, தம் மேனிப் போர்வையையே அளித்தார்கள் என்பது ஸீரா நூல்களின் செய்தி. பகைவராயிருந்த கவிஞருக்குப் போர்வை கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கு ஒரு நாற்காலியும் கிடைப்பதில்லை.

"மார்க்கம் கவிஞரைப் பழிக்கிறதே" என்று வேறு சிலர் வாய் திறப்பர். அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் 224 முதல் 226 வரையிலான வசனங்களை ஓதி இவர்கள் நிறுத்திக்கொள்கின்றனர். 227ஆம் வசனத்தை ஓதினால் என்ன? ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை மிகுதியாக நினைவுகூரும் கவிஞருக்கு அங்கே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. பாதி ஓதி நிறுத்துவது மார்க்க அறிவு ஆகாது.

மூன்றாவது வினா, "கவிதை சோறு போடுமா?" என்பது. இது தாய்தந்தையர் கேட்பது, எள்ளுதற்குரியதன்று. அடுப்பெரியாத வீட்டில் யாப்பிலக்கணம் பேசுவது கொடுமை. ஆயினும் இதற்கும் விடை நம் மதுரையிலேயே உண்டு. கவிக்கோ அப்துல் ரகுமான் 1937இல் இந்நகரில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் உருதுக் கவிஞர்கள். அவரோ தியாகராசர் கல்லூரியில் தமிழ் பயின்று, 1961 முதல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். முதல் தொகுப்பாகிய பால்வீதி 1974இல் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு கடந்திருந்தது. ஆலாபனைக்குச் சாகித்திய அகாதெமி விருது 1999இல் கிடைத்தது. சோறு போட்டது கவிதையன்று, கல்லூரி. 1919இல் அக்கல்லூரியை நிறுவியவர்கள் தோல் பதனிடும் ஊரின் முஸ்லிம் பெருமக்கள். பின்னாளில் ஒரு கவிஞர் அங்கே நிழல் பெறுவார் என்று அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்; ஆயினும் நிழல் தரும் மரத்தை நட்டார்கள். திரைப்பாடல் எழுதுவதில்லை என்று அக்கவிஞர் உறுதியாய் நிற்க முடிந்ததற்கு, மாதந்தோறும் வந்த அந்த ஊதியமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இளைஞர்களே, உங்களுக்கும் அவர் வாழ்வில் பாடம் உண்டு. வீட்டில் கேட்ட உருதுவின் கஜலையும், சப்பானியரின் ஹைக்கூவையும் தமிழுக்குள் கொணர்ந்து வேரூன்றச் செய்தோருள் அவர் ஒருவர். புதுப்பார்வை என்பது கற்காமல் வாய்ப்பதன்று. பழையதைப் பழுதறக் கற்றவனுக்கே புதியது எது என்று தெரியும். மரபை அறிந்து மீறுவது வேறு. அறியாமல் தடுமாறுவது வேறு. உமறு, இந்துப் புலவரிடம் இலக்கணம் கற்றார். முஸ்லிம் ஆலிமிடம் பொருள் கேட்டார். எங்கே அறிவு இருந்ததோ அங்கே சென்றார். நம்பிக்கை என்பது திண்ணையில் அமர்ந்து நல்ல காலத்தை எதிர்பார்ப்பதன்று. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டுவதற்கு எழுந்து நடப்பது. இது உங்கள் பங்கு. இதில் குறை வைத்தால் உங்களையும் நான் விடமாட்டேன்.

ஆயின் கதவுக்கு உள்ளே இருப்போரின் பங்கை மறக்க விடமாட்டேன். நாம் வாழும் ஊர் எது? முழுமையாகக் கிடைத்துள்ள இசுலாமியத் தமிழ் நூல்களுள் முதலாவதெனப் போற்றப்பெறும் ஆயிர மசலா, வண்ணப்பரிமளப் புலவரால் 1572இல் அரங்கேற்றப்பெற்ற மதுரை இது. நாயக்கர் ஆண்ட காலத்தில், நபிகளாரிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் தொடுத்த வினாக்களைப் பாடிய நூலுக்கு இந்நகரில் அவை கிடைத்தது. பிற்காலத்தில் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தபோது, குறளும் கம்பராமாயணமும் வேண்டியபடி கிடைக்கவில்லை என்பர். அவர் தமிழரின் ஊக்கமின்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் பாலவனத்தத்துக்குத் திரும்பியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். நூலகமும் அச்சுக்கூடமும் கல்விச்சாலையும் அமைந்தன. செந்தமிழ் இதழ் பிறந்தது. இல்லாமையைக் கண்டவர் செய்யவேண்டியது இதுதான்.

சங்கம் நிறுவுங்கள் என்று நான் கேட்கவில்லை. மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் உள்ள ஜமாஅத்துகள் மீலாது விழாவின் ஒளிவிளக்குச் செலவில் பத்திலொரு பங்கை ஒதுக்கி, தம் வட்டாரத்து இளைஞர் எழுதிய நூல்களை விலைகொடுத்து வாங்கட்டும். ஆலிம்கள் கிழமைக்கு ஒருமணி நேரம், லெப்பை நயினார் லெப்பை செய்ததுபோல், அரபு மூலங்களின் பொருளைத் தமிழ் எழுதும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கட்டும். பேச்சாளர்கள் தம் நேரத்தில் கால்மணியை விட்டுக்கொடுத்து ஓர் இளைஞனைப் பாட விடட்டும். பிழை இருந்தால் பிறகு தனியே அழைத்துத் திருத்தட்டும். இவற்றுள் ஒன்றையேனும் செய்தவருக்கு விடாமுயற்சியைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு. ஒன்றும் செய்யாதவர் உமறுவின் பெயரை மேடையில் எடுக்குமுன், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் பெயரை ஒருமுறை தம் மனத்துள் சொல்லிப் பார்த்துக்கொள்வாராக.