விழுப்புரத்துக் கல்லூரிகளும் துடிக்கும் நட்சத்திரங்களும்

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் தங்கள் ஊர் ரயில்வே பள்ளியில் பயின்றவர் என்று விழுப்புரத்து மக்கள் பூரித்தது முற்றிலும் நியாயமே. அந்தப் பூரிப்பு பாராட்டு விழாக்களோடு அடங்கிவிடாமல், விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளில் பௌதிகம் பயிலும் பிள்ளைகள் நட்சத்திர ஆராய்ச்சியில், அதிலும் பல்சர் ஆராய்ச்சியில், நேராகப் புகும் வழியாகக் கனிய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பெருநட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து வெடிக்கும்போது அதன் நடுப்பகுதி தன் ஈர்ப்பாலேயே நசுங்கி, சூரியனைவிட மிகுந்த பொருளைத் திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரையுள்ள தூரமே குறுக்களவாகக் கொண்ட ஒரு கோளத்துள் அடக்கிக்கொண்டு அதிவேகமாகச் சுழல்கிறது. அதன் காந்தத் துருவங்களிலிருந்து எழும் கதிர்க்கற்றை பூமியைத் தொட்டுச் செல்லும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு துடிப்பு கிட்டுகிறது; இவ்வாறு துடிப்பதையே பல்சர் என்கிறோம். 1054இல் சீனர் கண்டு குறித்த வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவின் பல்சர் விநாடிக்கு 30 முறை துடிக்கிறது. இத்தகைய துடிப்பை 1967இல் முதன்முதல் கண்ட ஜோசலின் பெல், அப்போது கேம்பிரிட்ஜில் ஓர் ஆராய்ச்சி மாணவியே.

இத்துறை நமக்கு அந்நியமானதன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சந்திரசேகர், 1930இல் தமது 19ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பற் பிரயாணம் செய்கையில், எரிந்து தீர்ந்த நட்சத்திரத்தின் எச்சமாகிய வெண்குறு நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டென்று கணித்தார். அது சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதே பின்னர் நிலைபெற்ற அளவு; அவ்வெல்லையைக் கடக்கும் நடுப்பகுதியே மேற்சொன்னவாறு நசுங்குகிறது. சென்னையில் பிறந்த வே. ராதாகிருஷ்ணன், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் வேலா பல்சரை ஆராய்ந்து, அதன் சுழற்சி திடீரென விரைவுற்றதை 1969இல் சகாவுடன் வெளியிட்டார். அடுத்த ஆண்டு கோவிந்த் ஸ்வரூப் உதகையில் இயக்கத்துக்குக் கொணர்ந்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை எண்ணும்போதெல்லாம் வியப்பு மேலிடுகிறது: அவ்விடத்து அட்சரேகையாகிய 11 பாகைக்கு இசைந்த சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடித் தேர்ந்ததால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பியே ஒரு நட்சத்திரத்தை ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது.

சிற்றூர்க் கல்லூரிக்குத் தொலைநோக்கி ஏது என்பது வழக்கமான ஆட்சேபம். ஆனால் 2015இல் ஏவப்பட்ட இந்திய வானியல் செயற்கைக்கோளாகிய அஸ்ட்ரோசாட் திரட்டிய எக்ஸ்-கதிர்ப் பதிவுகளை இன்று எவரும் கட்டணமின்றிப் பெறலாம். நண்டு பல்சரின் பதிவைத் துடிப்புக் காலத்துக்கு ஏற்பத் துண்டு துண்டாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், இரைச்சலுள் புதைந்த துடிப்பு மேலெழுந்து தெரியும். பட்டப்படிப்பு மாணவர் ஒரு சாதாரணக் கணினியில் செய்து முடிக்கத்தக்க கணக்கு இது.

ஆகவே அரசாங்கம் செய்ய வேண்டுவது சிறிதே. இவ்விரு கல்லூரிகளிலும் கல்லூரிக்கு ஓர் ஆசிரியரையேனும் இம்முறையில் பயிற்றுவித்து, இறுதியாண்டு ஆய்வேடாக இதனை ஏற்று, அதிற் சிறந்து விளங்கும் மாணவரைக் கோடை விடுமுறையில் உதகைத் தொலைநோக்கி நிலையத்துக்கு அனுப்பும் செலவை உயர்கல்வித் துறையே தாங்க வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்கலாம்.