தள்ளுவண்டிதான் தொழிலாளியின் ஓட்டல்

நகரத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று கேட்டால், பணம் படைத்தவர்கள் குளிர்சாதன ஓட்டல்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். நாம் கேட்கும் கேள்வி வேறு. ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளி எங்கே சாப்பிடுகிறான்? செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கும் தோழன் எங்கே பசியாறுகிறான்? ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வந்த விவசாயத் தொழிலாளிக் குடும்பம் எங்கே நின்று ஒரு வாய் உண்கிறது?

சேலத்தில் இதற்கு விடை, தெருவோரத் தள்ளுவண்டி!

மாலையில் குகை, அம்மாப்பேட்டை, பட்டைக்கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். தட்டுவடை செட்டு சேலத்தின் சொந்தச் சரக்கு. ஒரு தட்டுவடையின் மேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுக்கிறார்கள். நொறுக்கிக் கலந்தால் நொறுக்கல். முட்டை சேர்த்தால் முட்டை நொறுக்கல். கோடையில் கம்பங்கூழும் மோரும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பெரிய ஓட்டல்காரர்களும் இப்போது கம்பின் பெருமை பேசுகிறார்கள். கூலிக்காரன் வயிற்றுக்கு அது என்றைக்கோ தெரிந்த சங்கதி!

வடை தட்டுவதும், சட்னி அரைப்பதும், வண்டி தள்ளுவதும் ஒரு குடும்பத்தின் உழைப்பு. கட்டட வாடகை இல்லை, பங்குதாரன் இல்லை. ஆகவேதான் விலை கூலிக்காரனுக்குக் கட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. கிராமத்து டீக்கடையில் தீண்டாமை இரட்டைக் குவளையாக உட்கார்ந்திருந்ததை நாம் மறக்க முடியுமா? உணவு விடுதியில் சாதி சொல்லி எவரையும் தடுக்கக்கூடாது என்று 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கூறியது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. ஏட்டில் எழுதிய அந்தச் சமத்துவத்தை இந்த வண்டியடியில் காணலாம். முதலில் வந்தவனுக்கு முதல் செட்டு, அவ்வளவுதான் நியாயம்.

ஆனால், நகரை அழகுபடுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் அதிகாரிகள் கண்ணில் முதலில் உறுத்துவது இந்தத் தள்ளுவண்டிதான். 2016-இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்திற்குத் தேர்வாயிற்று. யாருக்காக அழகு? உழைப்பவனின் பசியைத் துரத்திவிட்டு வரும் அழகு நமக்கு எதற்கு?

நடப்பவருக்கு வழி வேண்டாமா, சுத்தம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான்! நடப்பவரும் நாமே, உண்பவரும் நாமே. தண்ணீர்க் குழாயும், குப்பைத் தொட்டியும், விளக்கும், நிலையான இடமும் கொடுங்கள். சுத்தம் தானே வரும். இவற்றைக் கொடுக்காமல் வண்டியை அள்ளிச் செல்வது பிழைப்பைப் பறிப்பதாகும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை எந்த வியாபாரியையும் அகற்றக் கூடாது. சான்றிதழ் பெற்றவரை அகற்றவும் 30 நாள் நோட்டீஸ் தரவேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவிகிதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சட்டம் தானாக நடந்து வந்து வண்டியைக் காக்காது. சங்கம்தான் காக்கும். 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடியபோது தொழிலாளர்கள் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். தோழர் ஏ. கே. கோபாலன் அவர்களைத் திரட்டினார். 1957-இல் பெங்களூரிலும், 1958-இல் திருச்சூரிலும் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் நடக்கிறது. முதலாளி இல்லாமலும் நாட்டுக்கு நல்ல காபி கிடைக்கும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

சேலத்துத் தள்ளுவண்டித் தோழர்களே! தனித்தனியே நின்றால் ஒரு லாரி போதும், உங்களை அள்ளிச் செல்ல. சங்கமாகச் சேருங்கள், சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், குழுவில் உங்கள் இடத்தைப் பிடியுங்கள்.

மில் தொழிலாளரே, விவசாயத் தொழிலாளரே! உங்களுக்குப் பசியாற்றும் கையைத் தட்டிவிட எவன் வந்தாலும், வண்டிக்கு முன்னால் நீங்கள் நிற்கவேண்டும்.