பஃபலோ வழியாகப் போகிறவர்களுக்கு



நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவிலோ கனடாவிலோ பிள்ளைகள் வீட்டில் தங்கியிருக்கும் நம் வாசகர்கள் பலருக்கு நயாகராவைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். மகனுக்கு விடுமுறை, வாசலில் கார். அப்புறம் என்ன யோசனை? தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அருவிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே பஃபலோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பனியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது பஃபலோ. ஏரியின் நீளம் ஏறக்குறைய 388 கிலோமீட்டர். முன்பனிக் காலத்திலும் தண்ணீரில் கோடையின் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும். கடுங்குளிர் காற்று மேற்கிலிருந்து அந்த நீளம் முழுக்க ஏரியைத் தடவிக்கொண்டு வரும்போது சூட்டையும் ஈரத்தையும் வாரிக்கொள்கிறது. மேகமாகத் திரண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரிதான், அதனால் சீக்கிரம் உறைந்துவிடும். உறைந்துவிட்டால் கொட்டுவது பெரும்பாலும் அடங்கும். ஆகவே நடுக்குளிரைவிடக் குளிர்காலத்தின் தொடக்கத்தில்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இந்தப் பனி ஊர் முழுக்கப் பெய்வதில்லை. பல சமயம் பத்து, இருபது கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையாக வந்து ஒரே இடத்தில் நின்றுவிடும். 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் புறநகர்களில் ஐந்தடிக்கு மேல் குவிந்தது. நகரின் வடக்கே சில அங்குலம்தான். வடக்கே இருந்து பார்த்தவர்களுக்குத் தெற்கே வெள்ளைச் சுவர் எழுப்பியது போலத் தெரிந்தது. வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் அந்தச் சுவருக்குள் நுழைந்ததும் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்க முடியவில்லை. நெடுஞ்சாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் சிக்கின. நயாகரா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி, ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில், ஏறக்குறைய 30 மணி நேரம் பேருந்துக்குள்ளேயே கிடந்தது. பஃபலோ பில்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தையே டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள்.

2022 கிறிஸ்துமஸ் இதைவிடக் கொடுமை. பனியோடு சூறைக்காற்றும் சேர்ந்து, விமான நிலையத்தில் 37 மணி நேரம் விடாமல் அடித்தது. ஈரி மாவட்டத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலரை வண்டிக்குள்ளேயே பிணமாகக் கண்டெடுத்தார்கள். யாரும் வண்டி எடுக்கக் கூடாது என்ற தடை டிசம்பர் 23 காலை 9.30 மணிக்கு வந்தது. அதற்குள் பலர் வேலைக்குப் போய்விட்டார்கள். புயல் வருவது பல நாள் முன்பே தெரியும். முந்தைய இரவே அறிவித்திருக்கலாமே என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒருநாள் கூலியை இழக்க முடியாதவர், தடை வராதவரை கிளம்பத்தானே செய்வார்?

அதே நாளில், வாஷிங்டனிலிருந்து நயாகரா பார்க்கப் போன தென்கொரியப் பயணிகளின் வேன் பஃபலோ பக்கம் புதைந்தது. மண்வெட்டி இரவல் கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். “மண்வெட்டி கிடக்கட்டும், உள்ளே வாங்க” என்கிற ரகம் அந்த வீட்டுத் தம்பதி. கொரியச் சாப்பாட்டுப் பிரியர்கள் வேறு. அலமாரியில் கிம்ச்சியும் கொரிய மிளகாய் விழுதும் தயாராக இருந்தன. விருந்தாளிகளே அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்தார்கள்.

எல்லாருக்கும் அப்படி ஒரு கதவு அமையாது. ஆகவே வீட்டில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்: ‘ஏரிப் பனி எச்சரிக்கை’ என்று வந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். நியூயார்க் மாநிலச் சாலை நிலவரம் 511 என்ற எண்ணில் கிடைக்கும். வண்டியில் கம்பளி, தண்ணீர், கொறிக்க ஏதாவது, சிறிய மண்வெட்டி இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்காதீர்கள். பத்தடியில் திசை தெரியாமல் போகும். இன்ஜினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் பின்னால் போய்ப் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியைத் தள்ளிவிடுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் ஏறும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போல மட்டும்கூட இருக்கலாம்.

அந்தக் கிறிஸ்துமஸில் சீக்டவாகா என்ற புறநகரில் ஒருவர் வண்டியோடு சிக்கிக்கொண்டார். வீடு வீடாகத் தட்டியும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்தார். தெருவில் தவித்த இன்னும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிவந்து, பள்ளிச் சமையலறையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். போகும்போது மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதி வைத்தார். போலீஸ் அவரைத் தேடிக் கண்டுபிடித்தது. வழக்குப் போட அல்ல, நன்றி சொல்ல.

அன்புடன்,
ஆசிரியர்