கணினி மாறலாம், ஆவணங்கள் தொலையலாமா?

விண்டோஸ்-10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ்-11 இயங்க டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி எனில், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். எனவே, நன்றாக இயங்கும் பழைய கணினிகளும் மாற்றப்பட வேண்டிய நிலை உருவாகியுள்ளது.

புதிய கணினி வாங்க நிதி ஒதுக்கப்படுகிறது. பழைய கணினியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவற்றை இடம்பெயர்க்கும் பணியை யாரும் கணக்கில் கொள்வதில்லை. பெரிய நிறுவனங்களில் அதற்கென வல்லுநர்கள் உண்டு. கொடைக்கானலை அடுத்த வில்பட்டி போன்ற மலைக் கிராமத்திலோ, உதவி தேடிக் கொடைக்கானலுக்குச் செல்ல வேண்டும். அங்கும் முடியாவிட்டால், மலையிறங்கி வத்தலகுண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ போக வேண்டும். அங்கே கிடைக்கும் எளிய தீர்வு, 'ஃபார்மட்' செய்து புதிதாக நிறுவுவதுதான்.

அதில் இழப்பு கோப்புகளோடு நிற்பதில்லை. தமிழக அரசு ஒருங்குறியை 2010-இல் ஏற்றது. அதற்கு முன்னும், பல இடங்களில் அதற்குப் பின்னும், வானவில் உள்ளிட்ட பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே தெரியும். கோப்பு இருந்தும் ஆவணம் இல்லை என்பதே அதன் பொருள்.

இயங்குதளத்தை அப்படியே புதிய கணினிக்கு மாற்றுவது இயலாத செயல் அன்று. வன்தட்டின் முழுப் பிரதியை எடுத்துப் புதிய கணினியில் பொருத்தலாம். ஆனால், பழைய பயாஸ் முறையில் நிறுவப்பட்ட விண்டோஸ், யுஇஎஃப்ஐ முறையை மட்டுமே ஏற்கும் கணினியில் தொடங்காது. அதன் வட்டு அமைப்பை முதலில் மாற்ற வேண்டும். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், புதிய கணினி 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். மேலும், கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கே உரியது. வேறு கணினிக்குச் செல்லாது. லினக்ஸில் பெரும்பாலான வன்பொருள் இயக்கிகள் கருநிரலிலேயே இருப்பதால் இடமாற்றம் எளிது. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே.

நச்சுநிரல் புகுந்த கணினிக்குப் புதிதாக நிறுவுவதே சிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அது பிரதி எடுத்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

எனவே, அரசின் கொள்முதல் ஒப்பந்தங்களில் மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். பழைய வட்டின் முழுப் பிரதியை எடுத்துச் சரிபார்த்த பின்னரே பழைய கணினி அப்புறப்படுத்தப்பட வேண்டும். மீட்புக் குறியீடும் மென்பொருள் உரிம விவரங்களும் அலுவலகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பழைய எழுத்துரு ஆவணங்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட வேண்டும். இவற்றுக்கான செலவு, கணினியின் விலையோடு ஒப்பிட்டால் சிறிது. தொலைந்த ஆவணத்தை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.