மரக்காலைச் சரிபார்!

கூலி நெல் அளக்கும் மரக்கால் குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் யார்? கூலி வாங்கும் விவசாயத் தொழிலாளிதான்! பாலாற்றின் விஷயத்திலும் நாம் கேட்பது அதே கேள்வியைத்தான்: அளக்கும் கருவி சரியா? அது யார் கையில்?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில் தோலைப் பதனிட குரோமிய உப்பு பயன்படுகிறது. அந்தக் கழிவு ஆற்றில் கலந்தது; நிலமும் கிணறும் பாழாயின. கெடுத்தவர்களே நஷ்ட ஈடு தரவேண்டும், சீர்படுத்தும் செலவையும் ஏற்கவேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நல்லது! ஆனால் எவ்வளவு கெட்டது என்று யோக்கியமாக அளந்தால்தானே கணக்குத் தீரும்?

தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது. வெள்ளம் வந்தால் தண்ணீரின் கணக்கே மாறிவிடும். உலோகமோ அடி வண்டலில் தங்கிவிடுகிறது.

வண்டலிலும் பித்தலாட்டத்துக்கு வழி உண்டு. உலோகம் பருமணலில் குறைவாகவும் நுண்ணிய களிமண்ணில் அதிகமாகவும் ஒட்டும். மணல் திட்டில் ஒரு கை அள்ளி, "குறைவுதான்" என்று சீட்டு எழுதிவிடலாம்! ஆகவே 63 மைக்ரான் சல்லடையில் சலித்த நுண்மண்ணை நுண்மண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். எவர்சில்வர் கரண்டியால் மண் எடுக்கக்கூடாது; அந்த உலோகத்திலேயே குரோமியம் உண்டு. பாறையிலும் இயற்கையாகக் குரோமியம் உண்டு. ஆகவே ஆலைகளுக்கு மேலே, கழிவு சேராத இடத்து மண்ணையும் அளந்தாக வேண்டும். மண்ணைக் கரைத்த அமிலம் எது என்றும் எழுத வேண்டும்; அமிலம் மாறினால் எண்ணும் மாறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு முன்பே தெரிந்த சான்று மண்ணை அதே கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். 100 இருக்குமிடத்தில் கருவி 60 காட்டினால் அந்த அறிக்கை குப்பைக் கூடைக்கே! முத்திரைப் படியால் மரக்காலைச் சோதிப்பது போன்றதுதான் இது.

"இது விஞ்ஞானிகள் விஷயம், உங்களுக்கென்ன தெரியும்?" என்று முதலாளிகளின் கையாட்கள் ஏளனம் செய்யலாம். குரோமியத் தொட்டியில் கைவிடுபவன் தொழிலாளி. பாழ்பட்ட கிணற்றில் நீர் இறைப்பவள் விவசாயப் பெண். இவர்களுக்கில்லாத அக்கறை வேறு யாருக்கு?

ஊதிப் பெருக்கிய எண்ணும் நமக்கு வேண்டாம். பொய்க் கணக்கு கோர்ட்டில் ஒரு நாளும் நிற்காது.

நாம் கோருவது இதுதான்: கிராம மக்களும் தொழிலாளர்களும் பார்க்க மண் எடு! அதைப் பாதியாகப் பிரித்து வேறொரு சோதனைக்கூடத்துக்கும் அனுப்பு! எடுத்த இடம், முறை, சான்று மண்ணின் முடிவு யாவற்றையும் தமிழில் ஊர்ச் சாவடியில் ஒட்டு!

மரக்காலைச் சரிபார்க்காமல் நெல்லை வாங்காதீர்கள், தோழர்களே!