டிசம்பரில் தொழில்முறை, ஜனவரியில் அமெச்சூரா?

அயர்ன்மேன் டிரையத்லானில் பந்தயத்தைவிடப் பதற்றமான நேரம் ஒன்று உண்டு. போட்டி முடிந்த பிறகு, உலகச் சாம்பியன்ஷிப்புக்கான இடங்களை ஒரு கூடத்தில் வைத்துப் பகிர்ந்தளிப்பார்கள். வயதுப் பிரிவு வாரியாகப் பெயர்கள் வாசிக்கப்படும். பெயர் வாசிக்கப்பட்டவர் நேரில் இருக்க வேண்டும், கட்டணத்தை அங்கேயே செலுத்த வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என்று ஒரு நாள் முழுக்க உடலை வருத்தியவர்கள், கால்வலியோடு அந்தக் கூடத்தில் காத்து நிற்பார்கள். நாற்பதுகளில் இருக்கும் பெண்கள் பிரிவில் பல போட்டிகளில் ஒன்றோ இரண்டோ இடங்கள்தான் இருந்தன. 2026 உலகச் சாம்பியன்ஷிப்புக்காக முறை மாற்றப்பட்டபோதும், பிரிவில் முதலில் வருபவருக்கு ஓர் இடம் உறுதி என்பது நீடிக்கிறது. ஆகவே அந்தப் பிரிவுக்குள் யார் நுழையலாம் என்பது வெறும் நிர்வாகக் கேள்வி அல்ல. அண்மைவரை பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்ட ஒருவர் அங்கே வந்து நின்றால், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே விடியற்காலைகளைத் திரட்டிப் பயிற்சி செய்த ஒருவர் வீடு திரும்ப வேண்டியதுதான்.

இதற்கு அயர்ன்மேன் விதிகள் வைத்திருக்கும் தடுப்பு மிக மெலிதானது. ஒரே நாட்காட்டி ஆண்டில் ஒருவர் தொழில்முறை வீரராகவும் வயதுப் பிரிவு வீரராகவும் போட்டியிடக் கூடாது. அதாவது, பிப்ரவரியில் தொழில்முறை உரிமத்தோடு களமிறங்கியவர் டிசம்பர் முடியும்வரை காத்திருக்க வேண்டும். டிசம்பரில் கடைசிப் பந்தயத்தை முடித்தவரோ சில வாரங்களிலேயே அமெச்சூர் ஆகிவிடலாம். தேதியைப் பொறுத்து ஒருவருக்குப் பத்து மாதம், இன்னொருவருக்குப் பத்து நாள் என்று மாறும் தடையை நியாயமானது என்று எப்படிச் சொல்வது? கொழும்பில் 2018-இலும் கோவாவில் 2019-இலும் அரைத்தூர அயர்ன்மேன் போட்டிகள் தொடங்கிய பிறகு, நம் பக்கத்து வயதுப் பிரிவு வீரர்களையும் இந்த விதி நேரடியாகத் தொடுகிறது.

நாட்காட்டியின் வேகத்தில் உடல் மாறுவதில்லை. நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் காய்லின் ஆய்வுக் குழு 1984-இல் அளந்து காட்டியது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் 3 வாரங்களில் சுமார் 7 சதவீதமும், 12 வாரங்களில் சுமார் 16 சதவீதமும் குறைந்தது. ஆனால் தசைக்குள் ரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களின் அடர்த்தி குறையவே இல்லை. இத்தனைக்கும் அவர்கள் பயிற்சியை முற்றாக விட்டவர்கள். உரிமத்தை மட்டும் கைவிட்டுப் பயிற்சியைத் தொடர்பவர் அந்த 16 சதவீதத்தைக்கூட இழக்கப் போவதில்லை. ஹவாய் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆறு முறை வென்ற டேவ் ஸ்காட், ஆண்டுகள் பல கழித்து 1994-இல் தம் 40-ஆவது வயதில் திரும்பி வந்து ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடம் பிடித்தார். அவர் தொழில்முறைக் களத்திலேயே நின்றார் என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். அதே நாளில் 40–44 பிரிவில் அவர் நின்றிருந்தால் அங்கே போட்டி என்று ஒன்று இருந்திருக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு. உலகத் தரவரிசையில் முதலிடம் வகித்த பிரெஞ்சு சைக்கிள் வீரர் லோரான் ஜாலாபேர் 2002-இல் ஓய்வு பெற்று, 2007-இல் ஹவாயில் அமெச்சூராக ஓடினார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 9 மணி 20 நிமிடத்துக்குச் சற்றே குறைவு. அன்றைய வெற்றியாளர் கிறிஸ் மெக்கார்மக்கைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி வந்தார். ஐந்து ஆண்டு இடைவெளி, அதுவும் வேறொரு விளையாட்டிலிருந்து வந்தவர். அவர் வயதுப் பிரிவில் நின்றதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த இரண்டு உதாரணங்களிலும் இடைவெளி ஆண்டுக் கணக்கில் இருந்தது. ஆனால் இப்போதைய விதி அந்தக் காலத்தை வாரங்களில் எண்ணுகிறது.

மூத்தோர் தடகளத்திலும் நீச்சலிலும் ஒலிம்பிக் வீரர்கள் தடையின்றிக் கலந்துகொள்கிறார்களே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் 45 வயதான முன்னாள் ஒலிம்பிக் நீச்சல்காரருக்கு மூத்தோர் போட்டியை விட்டால் நின்று வெல்ல வேறு களம் கிடையாது. டிரையத்லானிலோ பல போட்டிகளில் அதே காலையில், அதே பாதையில், சில நிமிடங்கள் முன்னதாகத் தொழில்முறைப் பந்தயம் புறப்படுகிறது. நியூசிலாந்தின் கேமரன் பிரவுன் 2016-இல் தம் 43-ஆவது வயதில் தாய்நாட்டு அயர்ன்மேனை அந்தக் களத்தில்தான் வென்றார். முன்னாள் தொழில்முறை வீரரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கோல்ஃபில்கூட, தொழில்முறையிலிருந்து அமெச்சூராகத் திரும்ப விரும்புபவர் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும் என்ற நடைமுறை உண்டு.

இரண்டாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தொழில்முறை என்பதே பலருக்குப் பெயரளவில்தான். 2022 ஹவாய் போட்டியின் பரிசுத்தொகை 7,50,000 டாலர். அது ஆண்களிலும் பெண்களிலும் முதல் 15 பேருக்கு மட்டுமே போனது. பதினாறாவதாக வந்தவருக்குப் பணம் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டே உரிமம் வைத்திருப்பவர்கள் ஏராளம். மறுபுறம், உரிமம் பெறும் தகுதி இருந்தும் வாங்காமல், நிறுவனங்களின் ஆதரவோடு ஆண்டுதோறும் வயதுப் பிரிவுப் பதக்கம் குவிக்கும் அமெச்சூர்களும் இருக்கிறார்கள். இவர்களை விட்டுவிட்டு, ஓராண்டு உரிமம் எடுத்துத் தோற்றவரை மட்டும் தண்டிப்பது சரியா? சரியல்ல. அதனால்தான் பட்டத்தைப் பார்த்துத் தடை விதிக்காமல், பெற்ற முடிவுகளைப் பார்த்து விதிக்க வேண்டும் என்கிறேன். பரிசுப் பணம் பெறும் இடத்தில் ஒருமுறையாவது முடித்தவருக்கு, கடைசித் தொழில்முறைப் பந்தயத் தேதியிலிருந்து முழுதாக மூன்று ஆண்டுகள்; அப்படி முடிக்காதவருக்கு முழுதாக 12 மாதங்கள். உரிமம் வாங்காத வேகக்காரர்களின் பிரச்சினை தனியானது, அதற்குத் தனி மருந்து தேவை. அதைக் காட்டி இதைத் தள்ளிப்போட முடியாது.

இந்தத் தடைக்காலத்தில் முன்னாள் தொழில்முறை வீரர்கள் ஓடக் கூடாது என்பதல்ல என் வாதம். சிறந்தவர்களோடு ஒரே பாதையில் ஓடுவது அமெச்சூர்களுக்குப் பெருமை என்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது; அந்தப் பெருமையைப் பறிக்கத் தேவையில்லை. அவர்கள் பெயர் கொடுக்கட்டும், நீந்தட்டும், முடித்ததற்கான பதக்கத்தை வாங்கட்டும், அவர்களது நேரமும் பதிவாகட்டும். வயதுப் பிரிவுத் தரவரிசை, பரிசு மேடை, உலகச் சாம்பியன்ஷிப் இடம் ஆகிய மூன்றிலும் மட்டும் அவர்கள் கணக்கில் சேரக் கூடாது. தொழில்முறை சைக்கிள் அணிகளிலிருந்து வருபவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்த வேண்டும். இதை நடைமுறைப்படுத்துவது கடினம் என்று சொல்ல இடமில்லை. உரிமம் வழங்கும் தேசியக் கூட்டமைப்புகளிடம் பட்டியல் இருக்கிறது, ஒவ்வொரு பந்தயத்தின் முடிவும் பொதுவெளியில் கிடைக்கிறது. பதிவுப் படிவத்தில் கடைசியாகத் தொழில்முறை வீரராக ஓடிய தேதியைக் கேட்டு, அதை அந்தப் பட்டியலோடு ஒப்பிட ஓர் அலுவலர் போதும்.