பீடியைக் காட்டித் தூசியை மறைக்காதே!

தொழிலாளி ஒருவன் நுரையீரல் புற்றுநோயில் மாண்டால் முதலாளிமார்கள் சொல்லும் பதில் தயாராக இருக்கிறது: “பீடி குடித்தான், செத்தான், நாங்கள் என்ன செய்வது?” பழியை மாண்டவன் தலையிலேயே போட்டுவிட்டுக் கை கழுவும் இந்தப் பித்தலாட்டத்தை அம்பலப்படுத்த வேண்டியது நமது கடமை.

பீடியும் சிகரெட்டும் நஞ்சு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1950-லேயே ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் இதைப் புள்ளி விவரத்தோடு காட்டினார்கள். அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் என்ன செய்தன? 1954 ஜனவரியில் 400-க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு, தங்கள் சரக்கு உடலுக்குக் கேடல்ல என்று சாதித்தன. மக்களைப் பல்லாண்டுகள் ஏமாற்றிய கூட்டம் இது என்று 2006-ல் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

ஆனால், பீடியோடு விஷயம் முடிந்துவிடுகிறதா? அதே டால் 1955-ல் இன்னொரு உண்மையை வெளியிட்டார். இங்கிலாந்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையொன்றில் 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ தூசியில் உழைத்த 113 தொழிலாளர்களில் 11 பேர் நுரையீரல் புற்றுநோயால் மாண்டிருந்தனர். பொதுமக்கள் கணக்குப்படி ஒரு சாவுக்கு மேல் நேர்ந்திருக்கக் கூடாது! கல் குவாரியின் சிலிக்காத் தூசியும், டீசல் புகையும் இதே நோயைத் தருபவையே. ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் பீடிப் புகையும் ஒரே நெஞ்சில் சேர்ந்தாலோ, ஆபத்து பல மடங்காகப் பெருகுகிறது. அப்படியிருக்க, பீடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது யாரைக் காப்பாற்ற?

பிரிட்டன் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸை அறவே தடை செய்தது. இந்தியாவிலோ கூரைத் தகடு ஆலைகளுக்குத் தடையில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நோய் தலைகாட்டவே பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால்தான் இத்தனை நீண்ட கெடு. அந்தப் பதிவேடு எங்கே? சர்க்கார் பதில் சொல்லட்டும்!

நம்மிடமும் குறை உண்டு. சங்கக் கூட்டங்களில் பீடிப் புகை மண்டியபோது நாம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறோம். பீடி சுற்றிப் பிழைக்கும் லட்சக்கணக்கான பெண்களின் வயிற்றை நினைத்துத் தயங்கியிருக்கிறோம். தயக்கம் போதும். அவர்களுக்கு மாற்று வேலை கேட்பதே நேர்மையான வழி; புகையை நியாயப்படுத்துவதல்ல.

தோழர்களே! பீடியை அணைப்போம். அணைத்த கையை உயர்த்தி ஆலைத் தூசிக்குக் கணக்குக் கேட்போம்!